லாக் பண்ணிடலாமா?

உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒருத்தர் கட்டாயம் இருப்பார். முதல் நாள் ராத்திரி டி.வி.யில் கேட்ட கேள்விக்கு, மறுநாள் காலை பத்து மணிக்கு விடை சொல்வார். சொல்லிவிட்டு, "நான் நேத்தே நினைச்சேன் ஸார்" என்பார். எங்கள் ஆபீஸில் அவர் கேஷியர். அவர் கணக்குப்படி 2000-த்திலிருந்து இதுவரை பதினேழு கோடி ரூபாய் ஜெயித்திருக்கிறார். பெண் கல்யாணத்துக்கு பி.எஃப்.பில் லோன் போட்டது வேறு விஷயம்.

அவரைக் கிண்டல் பண்ண எனக்கு முழு உரிமை உண்டு. ஏனென்றால் நானும் அதே பைத்தியம்தான். 1985-ல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு நடத்திய 'க்விஸ் டைம்' காலத்து ஆசாமி. காலேஜ் பையன்கள் டை கட்டிக்கொண்டு, யாரும் கேள்விப்படாத ஊருக்குத் தலைநகரம் சொல்வார்கள். நாம் வாயைப் பிளந்து பார்ப்போம். அதில் நாற்காலிக்கு இந்தப் பக்கம் நமக்கு வேலையே கிடையாது.

2000 ஜூலை 3-ம் தேதி எல்லாம் மாறியது. ஸ்டார் ப்ளஸ்ஸில் அமிதாப் பச்சன், 'கௌன் பனேகா க்ரோர்பதி'. அதைத் தயாரித்ததும் அதே பாசுதான். என் வீட்டில் அப்போது கேபிள் கிடையாது. செங்கல்பட்டில் இரண்டு தெரு தள்ளி கேஷியர் வீடு. ராத்திரி ஒன்பதுக்கு அங்கே ஆஜராகிவிடுவேன். எங்கள் இருவருக்கும் ஹிந்தி சுத்தம். மாமி மட்டும் பிரசார சபா பரீட்சையில் மத்யமா பாஸ். தோசை வார்த்துக்கொண்டே அமிதாப்பை மொழிபெயர்ப்பார். "என்னவோ கேக்கறான், நதியாம்" என்று ஒரு வரி வரும். அதை வைத்துக்கொண்டு நாங்கள் லட்சக்கணக்கில் ஆடுவோம். அப்புறம் சன் டி.வி.யில் சரத்குமாரின் 'கோடீஸ்வரன்' வந்து மாமியின் உத்தியோகத்தைப் பறித்தது.

இந்த ஷோவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'க்விஸ் டைம்' மாதிரி இல்லாமல், இதில் விடையை முன்கூட்டியே திரையில் போட்டுவிடுகிறார்கள். நாலில் ஒன்று. பிறகு எதைத்தான் சோதிக்கிறார்கள்? உங்களுக்குத் தெரிந்தது உங்களுக்கு எவ்வளவு நிச்சயமாகத் தெரியும் என்பதை!

அந்த முதல் சீஸன் ஏணியைப் பாருங்கள். பதினைந்து கேள்வி. பத்தாவதைத் தாண்டினால் 3,20,000 ரூபாய் பத்திரம். பதிமூன்றாவது முடிந்ததும் கையில் 25 லட்சம். அடுத்த கேள்வி 50 லட்சத்துக்கு. சரியென்றால் இன்னொரு 25 லட்சம். தப்பென்றால் தொப்பென்று 3,20,000-க்கு விழ வேண்டும். மீதி 21,80,000 போயே போச்சு. "வேண்டாம் ஸார்" என்று எழுந்தால் 25 லட்சத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

பாதிக்குப் பாதி சந்தேகம் என்று வைத்துக்கொள்வோம். பேப்பரில் போட்டுப் பார்த்தால், ஆடினால் சராசரி 26,60,000 வருகிறது. அதாவது ஆடுவதுதான் லாபம். ஆனால் சராசரியைப் பையில் போட்டுக்கொண்டு யாரும் ஊருக்கு பஸ் ஏறுவதில்லை. ஒன்று ஐம்பது, இல்லாவிட்டால் மூணு சொச்சம். பொண்டாட்டி ஆடியன்ஸில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த நாற்காலியில் வேர்ப்பது இதற்குத்தான். நம் சோபாவில் வேர்க்காது. கேஷியருக்கு பதினேழு கோடி வந்த வழி இப்போது புரிகிறதா?

மனுஷரை மடக்க ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். விடை வருவதற்குள் எல்லோரும் எழுதியாக வேண்டும். பக்கத்தில், எத்தனை பர்சென்ட் நிச்சயம் என்றும் குறிக்க வேண்டும். கேஷியர் எல்லாவற்றுக்கும் நூறு பர்சென்ட் போட்டார். அதில் பாதி ஊத்திக்கொண்டது. மாமி எல்லாவற்றுக்கும் ஐம்பது போட்டார், முக்காலும் சரி. (இதனால் அந்த வீட்டில் இரண்டு நாள் தோசை கிடையாது.)

அந்த நோட்டில் கேஷியர் பெரிய வாக்குவாதம் செய்த கேள்வி ஒன்று உண்டு. 'செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைநகரம் எது?' சப்பைக் கேள்வி மாதிரித் தெரிகிறதல்லவா? 1968-லிருந்து மாவட்டத்தின் பெயர் செங்கல்பட்டு, கலெக்டர் இருந்ததோ காஞ்சிபுரத்தில். 1997-ல் மாவட்டத்தையே பிரித்துக் காஞ்சிபுரம், திருவள்ளூர் ஆக்கினார்கள். ஆக, நாங்கள் நோட்டில் எழுதிய சமயம் அப்படி ஒரு மாவட்டமே கிடையாது. 2019 நவம்பர் 29-ல் மறுபடி செங்கல்பட்டு மாவட்டம், தலைநகரம் செங்கல்பட்டு. எந்த வருஷம் என்று கேட்காமல் நூறு பர்சென்ட் போட்டால் என்ன ஆகும்?

2011-ல் பீகாரிலிருந்து வந்த சுஷில் குமார், மாசம் ஆறாயிரம் ரூபாய் சம்பளக்காரர், ஐந்து கோடி ஜெயித்தார். கடைசிக் கேள்வி: 1868-ல் நிகோபார் தீவு உரிமையை பிரிட்டிஷாருக்கு விற்றுவிட்டு இந்தியாவைக் கைகழுவிய நாடு எது? மறுநாள் கேஷியர், "இது நம்ம ஏரியா ஸார்! சதுரங்கப்பட்டினம் கோட்டையைத்தான் தினம் பாக்கறோமே!" என்றார். கல்பாக்கம் பக்கத்திலுள்ள அந்தக் கோட்டை டச்சுக்காரர்களுடையது. விடை டென்மார்க். அவர்கள் இருந்தது தரங்கம்பாடியில். அதையும் 1845-லேயே விற்றுவிட்டார்கள். "டச்சு, டேனிஷ், ரெண்டும் 'ட'னாதானே?" என்றார். இந்த 'ட'னாவுக்கு ஐந்து கோடி, ஐயா! (அதிலும் முப்பது பர்சென்ட் வரி, மேற்கொண்டு சில்லறைகள் தனி.)

வரி என்றதும் இன்னொருவர் ஞாபகம் வருகிறார். 1999 நவம்பரில் அமெரிக்க ஷோவில் முதன்முதலாகப் பத்து லட்சம் டாலர் அடித்த ஜான் கார்ப்பென்டர், அங்கே வருமான வரி இலாகா ஊழியர். கடைசிக் கேள்வி வரை ஒரு லைஃப்லைனைக்கூடத் தொடவில்லை. கடைசியில் அப்பாவுக்கு போன் போடச் சொன்னார். உதவி கேட்கவா? இல்லை, "ஜெயிக்கப் போறேன்ப்பா" என்று சொல்ல! நூறு பர்சென்ட் என்றால் இதுதான் நூறு பர்சென்ட்.

லைஃப்லைனில் நமக்கு யோசனை தோன்றுவது படித்த நண்பனுக்கு போன் போடத்தான். ஆனால் அதே அமெரிக்க ஷோவில் போன் நண்பர்கள் 65 சதவீதம்தான் சரி. சும்மா வந்து உட்கார்ந்த ஆடியன்ஸ் 91 சதவீதம் சரி என்று ஜேம்ஸ் சுரோவிக்கி 2004-ல் எழுதிய புத்தகத்தில் இருக்கிறது. காரணம் எளிது. தெரியாதவர்கள் நாலு பக்கமும் சிதறுவார்கள். தெரிந்த கொஞ்சம் பேர் ஒரே பட்டனில் சேருவார்கள். போனில் கிடைக்கும் நண்பனோ நம் கேஷியர் மாதிரி இருந்துவிட்டால்?

அந்த நோட்டை நான் பத்திரமாக வைத்திருப்பதற்குக் காரணம் வேறொருவன். என் பள்ளிக்கூட சிநேகிதன், மாமல்லபுரத்தில் வாடகை ஷெட்டில் கல் சிற்ப வேலை. செங்கல்பட்டு வரும்போதெல்லாம் எங்களோடு உட்காருவான். பெரும்பாலும் அவன் எழுதுவது ஒரே வார்த்தை: 'தெரியாது'. எப்போதாவது ஒரு விடை எழுதுவான். எழுதினால் அது தப்பாகிப் பார்த்ததில்லை.

"என்னடா, அடிச்சுப் பாக்க மாட்டியா?" என்றால், "மூக்கு செதுக்கறப்ப அடிச்சுப் பாக்க முடியுமா மச்சான்? போனா போனதுதான்" என்பான்.

அவனிடம் திட்டம் தயாராக இருந்தது. "பத்து வரைக்கும் வந்துட்டா, பதினொண்ணு ஓசி. தப்பா சொன்னாலும் 3,20,000 குறையாது. அதை அடிச்சுட்டு, 6,40,000 வந்துச்சுன்னா எழுந்து கும்பிட்டுட்டு வந்துடுவேன். ஷெட் இருக்கற இடத்தை வாங்கிடலாம்." ஒரு கோடி என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. 2000-ல் எஸ்.டி.டி. பூத்தில் நின்று டயல் செய்தான்; எங்கேஜ்ட். 2012-ல் விஜய் டி.வி.யில் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினான். கூப்பிடவில்லை. 2020 ஜனவரியில் 'கோடீஸ்வரி'யில் காது கேளாத, பேச முடியாத ஒரு மதுரைப் பெண் ராதிகா எதிரில் உட்கார்ந்து ஒரு கோடி ஜெயித்தபோது, ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு போன் செய்தான். "பாத்தியாடா! அவசரமே படலைடா அந்தப் பொண்ணு!" என்று அவன் குரல் கம்மியது. ஷெட்டுக்கு இன்னும் வாடகைதான் கட்டுகிறான்.

போன மாசம் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து அவனைப் பார்க்கப் போயிருந்தேன். சாயந்திரம் அந்தப் பெரிய பாறைச் சிற்பத்துக்கு முன்னால் நின்றோம். ஒற்றைக்காலில் தவம் செய்பவர் அர்ஜுனன் என்று ஒரு கட்சி, பகீரதன் என்று ஒரு கட்சி. ஆராய்ச்சியாளர்கள் ரொம்ப நாளாக அடித்துக்கொள்கிறார்கள். கீழே எலிகள் சுற்றி நிற்க, பூனை ஒன்றும் அதே போஸில் தவம் செய்கிறது.

நான் அமிதாப் குரலில் கேட்டேன்: "ஏ, அர்ஜுனன். பி, பகீரதன். ஒரு கோடிக்கு, லாக் பண்ணிடலாமா?"

அவன் அண்ணாந்து நிதானமாகப் பார்த்தான். "எங்கப்பா அர்ஜுனன்னுவாரு. சிற்பக் கல்லூரி வாத்தியார் பகீரதன்னுவாரு. நான் க்விட் மச்சான்" என்றான். கொஞ்ச தூரம் நடந்த பிறகு திரும்பிச் சொன்னான்:

"பூனை மட்டும் கன்ஃபர்ம்டா. அதை வேணா லாக் பண்ணிக்க."