பிவண்டி எரியாதது ஏன்?

1992 டிசம்பர் 6 அன்று அயோத்தியில் பாபர் மசூதி தரைமட்டமாக்கப்பட்டது. அதன் விளைவாக அம்மாதத்திலும் அடுத்த ஜனவரியிலும் பம்பாய் மாநகரம் இருமுறை பற்றியெரிந்தது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா விசாரணை ஆணையத்தின் கணக்கின்படி அந்த வன்முறைகளில் மாண்டோர் 900 பேர். அவர்களில் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். அதே வாரங்களில், அம்மாநகரின் வாசலிலேயே அமைந்துள்ள பிவண்டி என்ற விசைத்தறி நகரில் கலவரம் மூளவில்லை. அதற்கு முன் இருமுறை வகுப்புக் கலவரத்தில் கருகிய நகரம் அது. மாநகரத்தில் ஒரு தீப்பொறி விழுந்தால் முதலில் பற்றிக்கொள்வது பிவண்டிதான் என்று ஆட்சியாளர்களும் பத்திரிகைகளும் ஒருமுகமாக எண்ணியிருந்த காலம். ஆனால் பம்பாய் எரிந்தது, பிவண்டி எரியவில்லை.

இது தற்செயலன்று. ஒரு சிறுநகரக் காவல்துறை தன் மக்களுடன் நான்கு ஆண்டுகள் பொறுமையாகப் பேசியதன் பலன் அது. மக்களோடு இணைந்த காவல் பணி என்ற சொற்றொடர் இன்று எல்லா மாநிலங்களிலும் அரசு விளம்பரங்களில் புழங்குகிறது. அச்சொற்றொடருக்குள் மெய்யாக என்ன இருக்கக்கூடும், அதன் பெயரால் என்னவெல்லாம் நடக்கின்றன என்பதைப் பிரித்தறிய பிவண்டியின் அனுபவம் துணைபுரியும்.

பிவண்டியின் வரலாறு நெசவின் வரலாறு. 1857 எழுச்சிக்குப் பிந்தைய அடக்குமுறையிலிருந்து தப்பி உத்தரப் பிரதேசப் பகுதிகளிலிருந்து வந்த மோமின் நெசவாளர்களும், தெலங்கானாவிலிருந்து வந்த பத்மசாலி நெசவாளர்களும் அங்கே குடியேறினர். 1982 ஜனவரியில் பம்பாயின் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கிய மாபெரும் வேலைநிறுத்தம் நசுக்கப்பட்ட பிறகு, ஆலைகளின் உற்பத்தி பெருமளவில் பிவண்டி போன்ற விசைத்தறி மையங்களுக்கு மாற்றப்பட்டது. சங்கமோ சட்டப் பாதுகாப்போ இல்லாத, பன்னிரண்டு மணிநேரம் தறியருகே நிற்கும் புலம்பெயர் தொழிலாளர்களின் நகரமாக அது பெருத்தது. அங்கே ஒரு கலவரம் நடந்தால் உயிரோடு சேர்ந்து தறியும் எரியும், கூலியும் எரியும், ஒரே பட்டறையில் நூல் கட்டும் இந்துவும் முஸ்லிமும் கூலி உயர்வுக்காகச் சேர்ந்து நிற்கும் வாய்ப்பும் எரிந்து சாம்பலாகும்.

1970 மே 7 அன்று சிவாஜி ஜெயந்தி ஊர்வலத்தையொட்டி பிவண்டியில் மூண்ட வன்முறை ஜல்காவ், மகாட் ஆகிய ஊர்களுக்கும் பரவியது. அதை விசாரித்த நீதிபதி டி.பி. மாடன் ஆணையம் இந்துத்துவ வகுப்புவாத அமைப்புகளின் திட்டமிட்ட தூண்டுதலை அம்பலப்படுத்தியதோடு நிற்கவில்லை. காவல்துறையின் பாரபட்சத்தையும், சிறப்புப் புலனாய்வுக் குழு முஸ்லிம்களுக்கு எதிராகப் பொய்ச் சாட்சியங்களை உருவாக்கியதையும் வெளிப்படையாகக் கண்டித்தது. ஆணையம் சொன்னதை அரசு கோப்பில் வைத்து மூடியது. 1984 மே மாதத்தில் மீண்டும் பிவண்டி எரிந்தது. அம்முறை தீ தாணேவுக்கும் பம்பாய்க்கும் பரவி நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது.

இந்தப் பின்னணியில் 1988ல் பிவண்டியின் காவல் துணை ஆணையராகப் பொறுப்பேற்றவர் சுரேஷ் கோப்படே. கூடுதல் ஆயுதப் படை கேட்டுக் கடிதம் எழுதுவது அவருக்கு முன்னிருந்த வழக்கமான வழி. அவர் வேறு வழியைத் தெரிந்தெடுத்தார். நகரம் முழுவதும் சுமார் 70 மொஹல்லா குழுக்கள் அமைக்கப்பட்டன. ஒவ்வொரு குழுவிலும் இந்துக்களும் முஸ்லிம்களும் சம எண்ணிக்கையில் இடம்பெற்றனர். குற்றப் பின்னணி உடையோர் சேர்க்கப்படவில்லை. அப்பகுதிக்குப் பொறுப்பான காவல் அதிகாரியும் காவலர்களும் குழுவோடு அமர்ந்தனர். கலவரம் வந்தபின் கூட்டப்படும் அமைதிக் குழுக்கள் அல்ல இவை. கலவரம் இல்லாத நாட்களில், தொடர்ச்சியாகக் கூடிய குழுக்கள்.

அக்கூட்டங்களில் பேசப்பட்டவை பெரும்பாலும் சின்னஞ்சிறு விவகாரங்கள். எனினும் வகுப்புக் கலவரம் என்ற பெருந்தீ எப்போதும் இத்தகைய சிறு பொறிகளிலிருந்தே மூட்டப்படுகிறது. ஒரு தெருச் சண்டை மதச் சண்டையாக உருமாறுவதற்குள் இரு தரப்பாரும் ஒரே பாயில் அமர்ந்து பேசிவிட்டால், வதந்தி பரப்புவோனுக்குப் பிழைப்பில்லை. "அந்தத் தெருவில் ஆயுதம் குவிக்கிறார்கள்" என்று ஒருவன் கிளப்பிவிட்டால், அந்தத் தெருக்காரரிடமே நேரில் கேட்டுத் தெளிவதற்கு முகமறிந்த ஒருவர் இருந்தார். காவலருக்கும் அது பாடமாயிற்று. முஸ்லிம் பகுதி என்றாலே பகைப் பிரதேசம் என்று பயிற்றுவிக்கப்பட்டிருந்த கண்கள் அங்கே தறியோட்டியையும் பள்ளி ஆசிரியரையும் தேநீர்க் கடைக்காரரையும் காணத் தொடங்கின.

1992 டிசம்பர் வந்தபோது கோப்படே மாற்றலாகிச் சென்றிருந்தார். குழுக்களோ இருந்தன. அரசியல் அறிஞர் அசுதோஷ் வார்ஷ்ணே 2002ல் வெளியான தமது ஆய்வு நூலில் பிவண்டியின் அமைதிக்கு இக்குழுக்களை முக்கியக் காரணமாகக் காட்டுகிறார். ஒரு நல்ல அதிகாரியின் தனிப்பட்ட பெருந்தன்மையைவிட, அவர் விட்டுச் சென்ற அமைப்பே அந்த இரு மாதங்களில் நகரத்தைக் காத்தது. மறுபுறம் பம்பாயில் நடந்ததை ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் 1998ல் பதிவு செய்தது. காவல்துறைக்குள் ஊறியிருந்த வகுப்புவாதச் சார்பை அது சுட்டியது. 31 காவல்துறையினரைப் பெயர் குறிப்பிட்டு நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. கலவரத்துக்குப் பின்னரே அம்மாநகரிலும் மொஹல்லா குழு இயக்கம் உருவானது.

ஆயினும் பிவண்டியின் கதை 1993ல் முடிந்துவிடவில்லை. 2006 ஜூலை 5 அன்று அதே நகரில், கப்ரஸ்தானை ஒட்டிய நிலம் என்று முஸ்லிம் மக்கள் உரிமை கோரிய இடத்தில் காவல் நிலையம் கட்டும் முயற்சிக்கு எதிர்ப்புக் கிளம்பியது. காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது, இருவர் மாண்டனர். அதைத் தொடர்ந்து வெறிகொண்ட கும்பலின் கையில் இரு காவலர்கள் கொல்லப்பட்டனர். அக்காவலர்களும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளே. மக்களோடு அமர்ந்து பேசும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது என்பதால் அந்நம்பிக்கை என்றென்றும் நிலைத்துவிடாது. பேச்சு நின்ற இடத்தில் நான்கு உயிர்கள் பறிபோயின. அதிகாரியின் விருப்பத்தைச் சார்ந்திருக்கும் எந்த ஏற்பாடும் அதிகாரியோடு வரும். அதிகாரியோடு போகும் அபாயத்திலேயே இருக்கும்.

இக்குறையை நீக்க வேண்டுமெனில் சட்டத்தின் துணையும் அரசியல் உறுதியும் தேவை. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு, நீதிபதி கே.டி. தாமஸ் ஆணையத்தின் பரிந்துரையைத் தொடர்ந்து, 2008 மார்ச்சில் 'ஜனமைத்ரி சுரக்ஷா' திட்டத்தைத் தொடங்கியது. உள்துறை அமைச்சராக இருந்தவர் தோழர் கொடியேரி பாலகிருஷ்ணன். முதல் கட்டமாக 20 காவல் நிலையங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பின்னர் திட்டம் மாநிலமெங்கும் விரிவடைந்தது. குறிப்பிட்ட எல்லைக்குப் பொறுப்பான காவலர் வீடு வீடாகச் சென்று மக்களை அறிமுகம் செய்துகொள்வதும், நிலையந்தோறும் மக்கள் பங்கேற்கும் பாதுகாப்புக் குழு கூடுவதும் அதன் அடிப்படைகள். 2011ஆம் ஆண்டின் கேரளக் காவல் சட்டம் மக்கள் தொடர்புக் குழுக்களுக்குச் சட்டத்திலேயே இடமளித்தது.

எனினும் இடதுசாரி அரசு ஆள்கிறது என்பதாலேயே காவல்துறையின் குணம் மாறிவிடுவதில்லை. 2018ல் வராப்புழாவிலும் 2019ல் நெடுங்கண்டத்திலும் நிகழ்ந்த காவல் மரணங்கள் இதனை உணர்த்தின. தெருவில் கைகுலுக்கும் காவலரின் நிலையத்துக்குள், பூட்டிய அறையில் என்ன நடக்கிறது என்பதே இறுதி உரைகல். வீதியில் நட்பும் கொட்டடியில் அடியும் என்றால் அந்நட்பு வெறும் திரை.

அத்தகைய திரைகளுக்கு நாட்டில் பஞ்சமில்லை. தமிழ்நாட்டில் 1993ல் ராமநாதபுரத்தில் தொடங்கிய 'காவல்துறை நண்பர்கள்' அமைப்பு நல்ல நோக்கத்தோடு பிறந்ததே. ஆனால் காலப்போக்கில் எந்தச் சட்டப் பொறுப்பும் இல்லாத இளைஞர்கள் காவலரின் எடுபிடிகளாக மாறிவிட்டனர் என்ற குற்றச்சாட்டு வலுத்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் சித்திரவதைக்கு ஆளாகி மாண்ட கொடுமைக்குப் பின், ஜூலையில் மாநில அரசு அவ்வமைப்பைத் தடை செய்தது. ஹைதராபாத்தில் ஏழைகளின் பஸ்திகளை இரவில் சுற்றிவளைத்து, வீடு புகுந்து, வண்டிக் காகிதங்களைச் சோதிக்கும் நடவடிக்கைக்கு 'சமூகத் தொடர்பு நிகழ்ச்சி' என்று பெயர் சூட்டப்பட்டது. சத்தீஸ்கரில் ஆதிவாசி இளைஞர்களின் கையிலேயே துப்பாக்கியைக் கொடுத்து ஆதிவாசிகளுக்கு எதிராக ஏவிய சல்வா ஜூடும் மக்கள் இயக்கமாகச் சித்திரிக்கப்பட்டது. அவர்களைச் சிறப்புக் காவல் அலுவலர்களாக அமர்த்தியது அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று 2011 ஜூலையில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிவண்டிக்கும் இவற்றுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை ஒரே கேள்வியால் அளந்துவிடலாம்: யார் யாரிடம் பதில் கேட்கிறார்கள்? மக்கள் காவல்துறையிடம் கேள்வி கேட்கும் இடமாக ஒரு குழு இருந்தால் அது ஜனநாயக அமைப்பு. காவல்துறை மக்களைப் பற்றி மக்களிடமே துப்புக் கேட்கும் இடமாக இருந்தால் அது உளவு வலை. பார்வைக்கு இரண்டும் ஒன்றே; இரண்டிலும் நாற்காலிகள் போடப்படும், தேநீர் வழங்கப்படும்.

இந்தியக் காவல்துறையின் உடலமைப்பு 1861ஆம் ஆண்டின் காவல் சட்டத்தில் வார்க்கப்பட்டது. 1857 மீண்டும் நிகழக்கூடாது என்ற அச்சத்தில் அந்நிய ஆட்சி இயற்றிய சட்டம் அது. குடிமக்களுக்குப் பணிபுரிவது அதன் நோக்கமாக இருந்ததில்லை. விடுதலைக்குப் பின்னும் ஆளும் வர்க்கங்களுக்கு அதே கருவி வசதியாயிருந்தது. 1977ல் அமைக்கப்பட்ட தேசியக் காவல் ஆணையம், கைதுகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு தேவையற்றவை அல்லது நியாயமற்றவை என்று கண்டது. பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பரில் உச்சநீதிமன்றம், காவல்துறை மீதான புகார்களை விசாரிக்கச் சுயேச்சையான ஆணையங்கள் உட்பட ஏழு கட்டளைகளைப் பிறப்பித்தது. பெரும்பாலான மாநில அரசுகள் அவற்றை நீர்த்துப்போகச் செய்தன. இதற்கு நேர்மாறாக, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 15 நாள் காவல்துறைக் காவலை முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் பகுதி பகுதியாகப் பயன்படுத்திக்கொள்ள வழிவகுத்துள்ளது. தெருக் கூட்டங்களில் நட்பு பேசப்படும் அதே காலத்தில் கொட்டடியின் காலம் நீள்கிறது.

திருவிழா ஊர்வலங்களை மசூதிகளின் வாசலில் ஆத்திரமூட்டும் ஆயுதமாக மாற்றுவது சங் பரிவாரத்தின் வாடிக்கையாகிவிட்ட இந்நாட்களில், இப்பிரச்சனையை அதிகாரிகளிடம் விட்டுவிட முடியாது. பிவண்டியின் பண்பு இன்னும் உயிரோடிருக்கிறது. 2023ல் மும்பையில் கணபதி சிலைக் கரைப்பும் மீலாது நபியும் ஒரே நாளில் வந்தபோது, முஸ்லிம் அமைப்பினர் தாமாகவே தங்கள் ஊர்வலத்தை மறுநாளுக்கு மாற்றிக்கொண்டனர். எந்தத் தடியடியும் சாதிக்க முடியாத அமைதி அது. ஆனால் விட்டுக்கொடுப்பது எப்போதும் சிறுபான்மையினரின் கடமையாகவே இருக்கக்கூடாது என்று உரக்கச் சொல்வது பெரும்பான்மைச் சமூகத்துக்குள் பணியாற்றும் ஜனநாயக சக்திகளின் பொறுப்பு.

ஆகவே கிளைகளின் முன்னுள்ள பணிகள் தெளிவானவை. காவல் நிலையக் குழுக்கள் அமைக்கப்படும் இடங்களில் கடைக்காரர்களும் ஒப்பந்தக்காரர்களும் ஆளுங்கட்சிப் பிரமுகர்களும் மட்டும் அமர இடந்தரலாகாது. தொழிற்சங்கத்தாரும், உழைக்கும் பெண்களும், தலித் மற்றும் சிறுபான்மைக் குடியிருப்புகளின் பிரதிநிதிகளும், புலம்பெயர் தொழிலாளரும் இடம்பெறப் போராட வேண்டும். உறுப்பினர் பட்டியலும் கூட்ட முடிவுகளும் பகிரங்கமாக வைக்கப்பட வேண்டும். கைது செய்யப்பட்டோரின் விவரம், புகார் மனுக்களின் நிலை ஆகியவற்றைக் கேட்கும் உரிமை குழுவுக்கு வேண்டும். துப்புச் சேகரிப்புக்கும் தடி தூக்குவதற்கும் குழு உறுப்பினர் எவரும் பயன்படுத்தப்படக்கூடாது. இவை அனைத்தும் அதிகாரியின் தயவாக இல்லாமல் மாநிலச் சட்டத்தின் பகுதியாக வேண்டும்.

அரசு அமைக்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. வதந்தி வரும் இரவில் எதிர்த் தெருவில் யாரிடம் கேட்பது என்று தெரிந்த ஒரு தோழர் ஒவ்வொரு குடியிருப்பிலும் இருந்தாக வேண்டும். அந்த அறிமுகத்தைக் கலவர இரவில் தேட முடியாது. கூலிப் போராட்டத்திலும், குடிநீருக்கான மறியலிலும், நியாயவிலைக் கடை வாசலிலும் முன்கூட்டியே ஈட்டப்படுவது அது. பிவண்டி நகரம் நான்கு ஆண்டுகள் ஈட்டியதை இரண்டு மாதங்களில் செலவழித்து உயிர்களைக் காத்துக்கொண்டது. பம்பாயிடம் அந்தச் சேமிப்பு இல்லை. கிளைகளிடம் அது எவ்வளவு இருக்கிறது என்பதை அடுத்த கூட்டத்திலேயே தோழர்கள் கணக்குப் பார்ப்பது நல்லது.