கணனிப் பக்கம்: கடை மூடிய பின்னும் தொங்கும் பெயர்ப்பலகை

"வேண்டாத மென்பொருள் ஒன்றை முறைப்படி நீக்கிவிட்டேன். ஆனால் அதன் சிறு படம் மட்டும் திரையில் அப்படியே நிற்கிறது. மென்பொருள் இன்னும் போகவில்லையா? கணனியில் ஏதும் கோளாறா?"

கணனி உள்ள வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. பயப்பட ஒன்றுமில்லை. எனினும் அந்தப் படத்தை நீக்கும் அவசரத்தில் வேறொன்றை இழந்துவிடும் ஆபத்து உண்டு. ஆகவே இம்மாதம் இதைப் பற்றியே பார்ப்போம்.

ஐகன் எனப்படும் அந்தச் சிறு படம் மென்பொருள் அல்ல. மென்பொருள் பெரும்பாலும் 'புரோகிராம் பைல்ஸ்' என்ற கோப்புறைக்குள் இருக்கிறது. டெஸ்க்டொப் எனும் முகப்புத் திரையில் நாம் காண்பது, அங்கே போக வழிகாட்டும் 'ஷோர்ட்கட்' ஆகும். கடை உள்வீதியில் இருக்க, அதன் பெயர்ப்பலகை சந்தியில் தொங்குவது போன்றது இது. ஷோர்ட்கட் ஓரிரு கிலோபைட் அளவேயான மிகச் சிறிய கோப்பு. படத்தின் கீழ் இடது மூலையில் உள்ள சிறிய வளைந்த அம்புக்குறியே அதன் அடையாளம். 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 இல் தொடங்கிய இந்த ஏற்பாடு இன்றைய விண்டோஸ் 11 வரை தொடர்கிறது.

அப்படியானால் கடை போன பிறகும் பலகை ஏன் நிற்கிறது? மென்பொருளை நிறுவும்போது எந்தெந்தக் கோப்புகள் எங்கெங்கே வைக்கப்பட்டன என்று ஒரு பட்டியல் குறித்து வைக்கப்படும். நீக்கும்போது அந்தப் பட்டியலில் உள்ளவையே நீக்கப்படும். நாமாகப் பிரதி எடுத்த, பெயர் மாற்றிய, வேறு இடத்துக்கு நகர்த்திய ஷோர்ட்கட்டுகள் அதில் இரா. அவை எஞ்சி நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இனி நீக்கும் முறையைப் பார்ப்போம்.

முதலில் மென்பொருள் உண்மையிலேயே போய்விட்டதா என்று உறுதி செய்யுங்கள். 'செட்டிங்ஸ்' திறந்து 'அப்ஸ்' பகுதிக்குச் சென்றால், விண்டோஸ் 11 இல் 'இன்ஸ்டோல்ட் அப்ஸ்' என்ற பட்டியல் கிடைக்கும். நீக்கிய மென்பொருளின் பெயர் அதில் இருந்தால், வேலை இன்னும் முடியவில்லை. அங்கிருந்தே 'அன்இன்ஸ்டோல்' செய்யுங்கள்.

பெயர் இல்லையென்றால் டெஸ்க்டொப்புக்கு வந்து எஃப் 5 விசையை ஒரு தடவை அழுத்துங்கள். சில வேளை திரை புதுப்பிக்கப்படாததால்தான் படம் தெரிந்துகொண்டிருக்கும். அதற்கும் போகாவிட்டால், அம்புக்குறி இருப்பதைப் பார்த்துக்கொண்டு, படத்தின் மேல் மௌஸின் வலது பொத்தானை அழுத்தி 'டிலீட்' கொடுங்கள். அந்தப் படத்தை இரட்டைக் கிளிக் செய்தாலும், அது சுட்டும் பொருள் இப்போது இல்லை, இந்த ஷோர்ட்கட்டை நீக்கவா என்று பெரும்பாலும் விண்டோஸே கேட்கும். 'யெஸ்' என்றால் போதும்.

நிர்வாகியின் அனுமதி வேண்டும் என்று கணனி கேட்டால் திகைக்க வேண்டாம். கணனியைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் பொதுவாக வைக்கப்பட்ட படம் அது. அதை நீக்கினால் வீட்டிலுள்ள மற்றவர்களின் திரையிலிருந்தும் போய்விடும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

திரையின் அடியிலுள்ள டாஸ்க்பாரில் படம் எஞ்சியிருந்தால், வலது பொத்தானை அழுத்தி 'அன்பின் ஃப்ரம் டாஸ்க்பார்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். ஸ்டார்ட் மெனுவில் எஞ்சியிருந்தால், அதே போல வலது பொத்தானை அழுத்தி 'ஓபன் ஃபைல் லொக்கேஷன்' கொடுத்து, திறக்கும் கோப்புறையில் உள்ள ஷோர்ட்கட்டை நீக்கலாம்.

இனி, தொடக்கத்தில் சொன்ன ஆபத்துக்கு வருகிறேன். எங்கள் குடும்பத்தில் நடந்தது இது. என் தாத்தா ஒரு நாள் வீட்டுக் கணனியின் திரையைத் துப்புரவு செய்ய நினைத்தார். பிள்ளைகள் நீக்கிய விளையாட்டுகளின் படங்கள் பத்துப் பன்னிரண்டு நிறைந்து கிடந்தன. எல்லாவற்றையும் மௌஸால் ஒன்றாகச் சுற்றி வளைத்து ஒரே அடியாக நீக்கிவிட்டார். அன்றிரவு மகள் வந்து, "உம்மா, என்ட புரொஜெக்ட் எங்க?" என்று கேட்ட பிறகுதான் விடயம் தெரிந்தது. அந்தப் படங்களுக்கு நடுவே, மகள் இரண்டு மாதமாகச் செய்து வந்த பாடசாலை வேலை முழுவதும் இருந்த கோப்புறையும் இருந்திருக்கிறது. அது ஷோர்ட்கட் அல்ல, அசல். அதில் அம்புக்குறி இல்லை. யாரும் பார்க்கவில்லை.

நல்ல வேளையாக 'ரீசைக்கிள் பின்' காலி செய்யப்படவில்லை. அதைத் திறந்து, கோப்புறையைத் தெரிவு செய்து, 'ரீஸ்டோர்' கொடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பியது. குப்பையையும் சேர்த்துக் கொட்டியிருந்தால், அல்லது ஷிஃப்ட் விசையோடு டிலீட் அழுத்தியிருந்தால், அந்த வழியும் அடைபட்டிருக்கும்.

இதற்கு மறுபக்கமான தவறும் உண்டு. படத்தை மட்டும் நீக்கிவிட்டு, மென்பொருளே போய்விட்டது என்று இருந்துவிடுவோர் பலர். பலகையைக் கழற்றினால் கடை மூடப்பட்டுவிடாது. மென்பொருள் உள்ளேயே இருந்து இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். சில மென்பொருள்கள் கணனியைத் திறக்கும்போதெல்லாம் தாமாக இயங்கி, அதன் வேகத்தையும் குறைக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. எஞ்சிய இரண்டொரு படங்களை நீக்குவதற்கென்று, கணனியைச் சுத்தப்படுத்தித் தருவதாகச் சொல்லும் முன்பின் அறியாத மென்பொருள்களைத் தேடி நிறுவாதீர்கள். வேண்டாததை நீக்கப் போய் வேண்டாத இன்னொன்றைக் குடியேற்றிய கதையாகிவிடும். 'ரெஜிஸ்ட்ரி' எனும் பகுதிக்குள்ளும் இதற்காகக் கை வைக்கத் தேவையில்லை. எஞ்சிய ஷோர்ட்கட் பார்வைக்கு இடைஞ்சலே தவிர, கணனிக்குப் பாரமல்ல.

எனவே அடுத்த முறை திரையைத் துப்புரவு செய்யும்போது, படங்களைக் கூட்டமாக வளைக்காமல் ஒவ்வொன்றாக நீக்குங்கள். ஒவ்வொன்றிலும் அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திறந்து பார்க்காமல் தொட வேண்டாம். வேலை முடிந்த கையோடு ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யாமல், ஒரு வாரம் போகட்டும். அதற்குள் வீட்டில் யாரும் எதையும் தேடாவிட்டால், நீங்கள் நீக்கியது வெறும் பலகைகளைத்தான் என்று நம்பலாம்.