புல்லைக் கண்டனர், புண்ணைக் காணவில்லை!

இந்த ஞாயிறு உங்களோடு ஒரு பந்தாட்டத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். விலைவாசி இருக்கிறது, கூலிப் போராட்டம் இருக்கிறது, இவற்றையெல்லாம் விட்டுவிட்டுக் கட்சிப் பத்திரிகையில் பந்தாட்டம் எதற்கு என்று முகம் சுளிக்க வேண்டாம். ஒரு நிமிடம்கூட முழுதாக நடைபெறாத ஆட்டம் அது. அந்த ஒரு நிமிடத்துக்குள் ஒரு நாட்டின் கண்ணீரும், ஒரு கொடுங்கோலனின் ஆணவமும், உலகப் பெரிய மனிதர்கள் சிலரின் பாசாங்கும் அடங்கியிருந்தன. படித்து முடித்த பின், இதற்கு இங்கே இடமுண்டா என்று நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்.

1973 நவம்பர் 21. தென்னமெரிக்காவில் சிலி நாட்டின் தலைநகரான சாந்தியாகோவின் தேசிய விளையாட்டரங்கு. மறு ஆண்டு மேற்கு ஜெர்மனியில் நடக்கவிருந்த உலகக் கோப்பைக்குச் செல்லப்போவது சிலியா, சோவியத் யூனியனா என்பதை முடிவு செய்யும் தகுதிப் போட்டி. இசைக்குழு தேசிய கீதத்தை முழங்குகிறது. சிலி வீரர்கள் பதினொருவர் மைதானத்தில் நிற்கிறார்கள். அவர்களுக்கு எதிரே? யாருமில்லை! நடுவர் ஊதுகிறார். நாலைந்து பேர் பந்தை ஒருவருக்கொருவர் மெல்லத் தள்ளிக்கொண்டு முன்னேறுகிறார்கள். தடுப்பார் இல்லை, துரத்துவார் இல்லை. கோல்கீப்பர் நிற்க வேண்டிய இடத்தில் காற்று நிற்கிறது. அணித் தலைவர் பிரான்சிஸ்கோ வால்தேஸ் பந்தை உள்ளே தட்டிவிடுகிறார். கோல்! பலகையில் சிலி 1, சோவியத் யூனியன் 0. மறுபடி பந்தை நடுவில் வைத்துத் தொடங்க எதிரணி இல்லாததால், ஆட்டம் அத்துடன் முடிந்தது. பின்னர் சிலி 2-0 என்று வென்றதாக ஏட்டில் எழுதிக்கொண்டார்கள்.

விளையாட்டுலகம் கண்ட விந்தைகளில் ஒன்று என்று இதைச் சிலர் சிரித்துக்கொண்டே எழுதுவதுண்டு. சிரிப்பதற்கு முன், எதிரணி ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாமா?

அதற்குப் பத்து வாரம் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1970இல் மக்களின் வாக்குகளைப் பெற்று ஆட்சிக்கு வந்தவர் சல்வதோர் ஆலெண்டே. துப்பாக்கி முனையில் அல்ல, வாக்குச் சீட்டின் வழியே சோஷலிசத்தை நோக்கி நடக்க முடியும் என்று நம்பிய மருத்துவர். குழந்தைகளுக்கு நாள்தோறும் அரை லிட்டர் பால் என்பது அவருடைய வாக்குறுதிகளில் ஒன்று. அந்நிய முதலாளிகளின் பிடியிலிருந்த பெரும் செப்புச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கும் திருத்தம் 1971 ஜூலையில் நாடாளுமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. ஏழை நாடு தன் மண்ணில் கிடக்கும் செல்வத்தைத் தனதென்று சொன்னால், ஏகாதிபத்தியம் பொறுக்குமா? சிலியில் அமெரிக்க உளவுத்துறை எத்தனை ஆண்டுகள் திரைமறைவில் வேலை செய்தது, எவ்வாறு பணத்தை வாரியிறைத்தது என்பதையெல்லாம் நாம் கூற வேண்டியதில்லை. 1975இல் அமெரிக்க செனட் சபையின் குழுவே அறிக்கையாக வெளியிட்டது.

1973 செப்டம்பர் 11. தளபதி பினோசே தலைமையில் இராணுவம் கிளர்ந்தது. சிலி நாட்டு விமானங்களே சிலி நாட்டு அதிபர் மாளிகையின் மீது குண்டு பொழிந்தன. ஆலெண்டே சரணடையவில்லை, அந்த மாளிகையிலேயே உயிர் நீத்தார். மறுநாளே நகரெங்கும் வேட்டை தொடங்கியது. ஆலைத் தொழிலாளி, பல்கலைக்கழக மாணவர், ஆசிரியர், செவிலியர், சங்கச் செயலாளர் என்று வண்டி வண்டியாக அள்ளிச் சென்றனர். சிறைகள் போதவில்லை. எங்கே கொண்டுபோய் அடைப்பது? பெரிய இடம் ஒன்று இருந்தது. 1962இல் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் நடைபெற்ற அதே தேசிய விளையாட்டரங்கு!

ஒரே சமயத்தில் ஏறத்தாழ 7,000 பேர் அங்கே அடைபட்டிருந்ததாகச் செஞ்சிலுவைச் சங்கம் கணக்கிட்டது. வீரர்கள் உடை மாற்றும் அறைகளில் படுக்க இடமின்றி மனிதர்கள் அடுக்கப்பட்டார்கள். பெண்களை நீச்சல்குளத்தின் உடைமாற்று அறைகளில் வைத்தார்கள். பகலில் இருக்கைகளில் வரிசையாக உட்கார வைத்துத் துப்பாக்கிகளை நீட்டிக்கொண்டு நின்றார்கள். மிதிவண்டிப் பந்தயத் தளத்துக்குப் பெயர் கூவி அழைத்துச் சென்றார்கள், அங்கேதான் விசாரணை. விசாரணை என்றால் என்ன பொருள் என்று உங்களுக்கு விளக்க வேண்டுமா? வெளி வாயிலில் தாய்மாரும் மனைவிமாரும், உள்ளே மகன் இருக்கிறானா, கணவன் இருக்கிறாரா என்று நாட்கணக்கில் காத்து நின்றார்கள்.

இங்கே ஒரு பிழையைத் திருத்திக்கொள்வோம். மக்கள் பாடகர் விக்டர் ஹாராவை இந்த மைதானத்தில் கொன்றார்கள் என்று பலரும் சொல்லி வருகிறார்கள். அது வேறொரு அரங்கு. சிலி அரங்கு என்று அன்று அழைக்கப்பட்ட உள்ளரங்கு. அங்கேதான் செப்டம்பர் 16 அன்று, நாற்பதுக்கும் மேற்பட்ட குண்டுகளை அவர் உடலில் பாய்ச்சினார்கள். அந்த அரங்கு இன்று அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. தியாகிகளைப் பேசும்போது இடமும் நாளும் பிசகலாகாது. பகைவனுக்கு நம்முடைய பிழை ஒன்று கிடைத்தால் போதும், உண்மை முழுவதையும் பொய்யென்று சாதித்துவிடுவான்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். பிரான்சையும் அயர்லாந்தையும் பின்னுக்குத் தள்ளிச் சோவியத் அணியும், பெருவை வென்று சிலி அணியும் இந்த இறுதிக் கட்டத்துக்கு வந்திருந்தன. முதல் ஆட்டம் செப்டம்பர் 26 அன்று மாஸ்கோவில். இராணுவப் புரட்டு நடந்து பதினைந்தே நாட்கள். கோல் எதுவுமின்றி ஆட்டம் சமனாக முடிந்தது. இரண்டாவது ஆட்டம் சாந்தியாகோவில். எந்த மைதானத்தில்? கைதிகள் நிறைந்திருந்த அதே மைதானத்தில்!

சோவியத் கால்பந்துச் சங்கம் கோரிக்கை வைத்தது: சிலி நாட்டுத் தேசபக்தர்களின் இரத்தம் படிந்த இடத்தில் எங்கள் வீரர்கள் ஆட மாட்டார்கள், வேறொரு நாட்டில் ஆட்டத்தை வையுங்கள். ‘ஃபிஃபா’ எனப்படும் உலகக் கால்பந்துச் சம்மேளனம் என்ன செய்தது? நேரில் பார்த்து வர இருவரை அனுப்பியது. துணைத் தலைவர் ஒருவர். பொதுச் செயலாளர் ஒருவர். அக்டோபர் 24 அன்று அவர்கள் அரங்குக்குள் நுழைந்தார்கள். அந்த நேரத்தில் கைதிகள் பலர் கீழேயுள்ள அறைகளுக்கும் சுரங்க வழிகளுக்கும் துரத்தப்பட்டு, மூச்சு விடாதே என்று மிரட்டப்பட்டிருந்தனர். இதோ இருக்கிறோம், எங்களைப் பாருங்கள் என்று கத்த நெஞ்சு துடித்ததாகவும், வந்தவர்களின் கவனம் முழுவதும் புல்லின் மீதே இருந்ததாகவும், அங்கே அடைபட்டிருந்தவர்கள் பின்னாளில் சாட்சியம் கூறியிருக்கிறார்கள். வந்தவர்கள் பார்த்தார்கள், திரும்பினார்கள், உள்ளே இருப்போர் கைதிகள் அல்லர், அடையாளம் விசாரிக்கப்படுவோர் மட்டுமே என்று ஆட்சியாளர்களின் சொல்லைத் தம் சொல்லாக்கினார்கள். ஆட்டத்துக்குத் தடையில்லை என்றார்கள்!

புல்லைக் கண்டனர், தோழர்களே! புல்லுக்குக் கீழே இருந்த புண்ணைக் காணவில்லை. காண விரும்பாதவனுக்குக் கண் இருந்து என்ன பயன்?

நவம்பர் தொடக்கத்தில் கைதிகளில் பலரை வடக்கே அட்டகாமா பாலைவனத்திலுள்ள சக்கபூக்கோ என்னும் பாழடைந்த வெடியுப்புச் சுரங்க ஊருக்கு மாற்றினார்கள். அரங்கைக் கழுவினார்கள், கோடுகளுக்குச் சுண்ணாம்பு பூசினார்கள். சோவியத் அணி வரவில்லை. காற்றை எதிர்த்துக் கோல் போட்டார்கள். வந்த கூட்டத்தை வெறுங்கையோடு அனுப்பலாகாதென்று பிரேசிலின் சாந்தோஸ் அணியோடு ஒரு நட்பாட்டம் வைத்தார்கள். அதில் சிலி 0-5 என்று தோற்றது. எதிரணி இல்லாதபோது வெற்றி. எதிரணி வந்தபோது ஐந்து கோல்!

இந்த இடத்தில் மாற்றார் எழுப்பும் கேள்விகளை நாம் ஒளிக்கத் தேவையில்லை. மாஸ்கோவில் வெல்ல முடியாமற்போன அச்சத்தால்தான் சோவியத் அணி ஒதுங்கியது என்பது ஒன்று. அச்சம் கொண்டவன் வேறு மைதானம் கேட்பானா? அவர்கள் ஆட மறுக்கவில்லை. அங்கே ஆடத்தான் மறுத்தார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று. 1958 முதல் 1970 வரை நான்கு உலகக் கோப்பைகளில் தொடர்ந்து ஆடிய நாடு, 1982 வரை அந்த வாயிலை மிதிக்க முடியவில்லை. அப்போது இருபத்தொரு வயதினராயிருந்த ஓலெக் பிளோகின், 1975இல் ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றவர், உலகக் கோப்பையில் கால் வைத்தபோது வயது இருபத்தொன்பது!

சோவியத் நாட்டின் கைகள் மட்டும் தூய்மையா என்பது இரண்டாவது கேள்வி. 1968இல் பிராகா நகரின் வீதிகளில் உருண்ட டாங்கிகளை நாம் மறைக்க முடியாது; மறைப்பது மார்க்சியமும் ஆகாது. ஆனால் ஓரிடத்தில் தவறியவன் பிறிதோரிடத்தில் செய்த நேர்மையும் தவறாகிவிடுமா? தவறைத் தவறென்போம், நேர்மையை நேர்மையென்போம்.

மூன்றாவது கேள்விதான் நம்மைச் சுடுவது. 1974 ஜூன் 18 அன்று, மேற்கு பெர்லினில், கிழக்கு ஜெர்மனியின் அணி அதே சிலி அணியோடு 1-1 என்று ஆடியதே! ஆம், ஆடியது. சோஷலிச நாடுகள் பிறவும் அந்தக் கோப்பைக்குச் சென்றன. தோழமை பேசுவது எளிது. தோழமைக்காக இழப்பது அரிது. இதை எழுத எனக்கு மகிழ்ச்சி இல்லை. எழுதாமல் விடுவது நேர்மையில்லை.

பந்தைத் தட்டிய சிலி வீரர்களை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? அவர்கள் எல்லோரும் பினோசேயின் ஆட்களா? இல்லவே இல்லை! அன்று அந்தக் களத்தில் நின்றவர்களில் ஒருவர் கார்லோஸ் காசெலி. ஆலெண்டேயை வெளிப்படையாக ஆதரித்தவர். 1974இல் உலகக் கோப்பைக்குப் புறப்படும் அணியை வழியனுப்பப் பினோசே கை நீட்டியபோது, தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டவர். அவருடைய தாயைப் பிடித்துச் சென்று சித்திரவதை செய்தார்கள். அந்தத் தாய் பல ஆண்டுகள் பொறுத்திருந்தார். 1988இல் பினோசே தொடரலாமா கூடாதா என்று பொதுவாக்கெடுப்பு வந்தபோது, தொலைக்காட்சியில் தோன்றித் தமக்கு நேர்ந்ததை நாட்டுக்குச் சொன்னார். அடுத்துத் திரையில் தோன்றிய காசெலி, இவர் என் தாய் என்றார். அக்டோபர் 5 அன்று ஏறத்தாழ 56 விழுக்காடு மக்கள் ‘வேண்டாம்’ என்று வாக்களித்தனர். களத்தில் தலைகுனிந்து நிற்க நேர்ந்தவன் எல்லாம் பகைவன் அல்லன். நிற்க வைத்தவன் யார் என்று பார்ப்பதே வர்க்கப் பார்வை.

விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர் என்று நமக்கு உபதேசம் செய்வோர் உண்டு. 1973இல் ஃபிஃபாவின் தலைவராயிருந்த சர் ஸ்டான்லி ரௌஸ் அந்த உபதேசத்தின் உருவம். நிறவெறி பிடித்த தென்னாப்பிரிக்காவின் மீதிருந்த தடையை 1963இல் நீக்குவித்தவரும் அவரே; அடுத்த ஆண்டே அத்தடை மீண்டும் விழுந்தது. அரசியல் வேண்டாம் என்ற சொல் எப்போதும் யார் பக்கம் சாய்கிறது, பார்த்தீர்களா? கொட்டடியின் சாவியை வைத்திருப்பவன் பக்கம்!

நம் நாட்டிலும் ஒரு நல்ல சான்று உண்டு. 1974இல் டேவிஸ் கோப்பை டென்னிஸின் இறுதிக்கு இந்தியா வந்தது. நம் சென்னையின் சகோதரர்கள் ஆனந்த் அமிர்தராஜும் விஜய் அமிர்தராஜும் ஆடிய அணி. எதிரணி தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது; மட்டையைத் தொடாமலே தென்னாப்பிரிக்கா கோப்பையை எடுத்துச் சென்றது. 1966, 1974, 1987 என மூன்று முறை இறுதிக்கு வந்தும் அக்கோப்பை நம் கைக்கு எட்டவில்லை. ஆனால் நிறவெறி ஆட்சி வீழ்ந்தது. 1994இல் நெல்சன் மண்டேலா அதிபரானார். அந்த வீழ்ச்சிக்கு விழுந்த பல அடிகளில் நம்முடைய மறுப்பும் ஒன்று.

பினோசே 2006இல் இறந்தான். எந்த நீதிமன்றமும் அவனுக்குத் தண்டனை அளித்து முடிக்கவில்லை. கொல்லப்பட்டும் காணாமற்போயும் மறைந்தோர் மூவாயிரத்துக்கு மேல் என்பது சிலி அரசே ஒப்புக்கொண்ட கணக்கு. இன்று அந்தத் தேசிய அரங்கின் எட்டாம் வாயிலருகே, பழைய மரப்பலகை இருக்கைகள் ஒரு பகுதியை மாற்றாமல் வேலியிட்டுக் காத்து வருகிறார்கள். சுற்றிலும் அரங்கு நிறைந்து ஆரவாரித்தாலும் அந்த இருக்கைகளில் யாரும் உட்காருவதில்லை. அவை அன்று உட்கார வைக்கப்பட்டவர்களுக்கு உரியவை.

தோழர்களே, உங்கள் ஊரிலும் இத்தகைய ஆட்டங்கள் வரும். மைதானம் தயார், கூட்டம் தயார், கோப்பை தயார், நீ மட்டும் வந்து நின்றால் போதும் என்பார்கள். அப்போது புல்லை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். கீழே இறங்கிப் பாருங்கள். பூட்டிய கதவு இருந்தால் தட்டிப் பாருங்கள். உள்ளே மூச்சை அடக்கிக்கொண்டு எவனோ ஒருவன் நம் காலடி ஓசைக்காகக் காத்திருக்கிறான்!