கண்ணுக்குத் தெரியாமல் படியும் கல்

வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாய் ஒட்டும் உப்புப் பற்றை அறியாத இல்லம் பண்டசோழநல்லூர் வட்டாரத்தில் அரிது. நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து சூடேறியதும் பிரிந்து கல்லாகப் படிகிறது. பானையாயின் தேய்த்துக் கழுவிவிடலாம். சாயக் கொட்டிலின் கொதிகலனிலும் வயலின் சொட்டுநீர்க் குழாயிலும் படிந்தாலோ, விறகுச் செலவு ஏறிய பின்னரும் பயிர் வாடிய பின்னருமே தெரியவருகிறது. இரும்பு கடத்தும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட இப்படிவு கடத்துவதில்லை என்பதை நெசவாள அன்பர்கள் கருதுதல் வேண்டும்.

கல் படியும்போதே அதைக் காட்டிக்கொடுக்கும் வழியை விஞ்ஞானம் கண்டிருக்கிறது. தொலைபேசிச் செய்தியைச் சுமக்கும் கண்ணாடி இழையே அதற்குக் கருவி. இழையின் மேலுறையை ஓரிடத்தில் நீக்கி, நீரில் அமிழ்த்தி, ஒரு முனையில் ஒளியைச் செலுத்துகின்றனர். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.46, நீருக்கு 1.33. ஆதலால் ஒளி வெளியேறாமல் மறுமுனையைச் சேர்கிறது. சுமார் 1.6 எண்ணுள்ள சுண்ணாம்புப் படிகம் ஒட்டிய இடத்திலோ ஒளி கசிகிறது. மறுமுனையில் ஒளி குறையக் குறையப் படிவு வளர்வதை அறியலாம். புவிவெப்ப நீரில் சிலிக்கா படிவதை இவ்வாறு கண்டறியும் முறையை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டனர். இழைவழி ஒளியை நடத்தும் கலைக்கு 1954லேயே வழி வகுத்தோருள் ஒருவர் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி என்பது நமக்குப் பெருமையே.

இக்கருவியை நாளையே சங்கம் வாங்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. பாசியும் சேறும் ஒட்டினாலும் ஒளி மாறக்கூடும். கல்லையும் அழுக்கையும் பிரித்தறியும் பக்குவம் வயலுக்கு வர வேண்டும். எனினும் அது கற்பிக்கும் பாடம் இன்றே கைக்கொள்ளத்தக்கது: அடைத்த பின் வருந்துவதினும் படியும்போதே பார்ப்பது நலம்.

மாதம் ஒருமுறை, குறித்த பத்துச் சொட்டுவான்களின் அடியில் குவளை வைத்து, ஒரே நேர அளவில் விழும் நீரை அளந்து எழுதி வைக்கலாம். அளவு குறையத் தொடங்கினால் குழாயைக் கழுவும் வேளை வந்துவிட்டது. கொதிகலனைத் திறக்குந்தோறும் படிவின் கனத்தைக் குறித்து வைக்கலாம். அங்கத்தினர் அனைவரின் கிணற்று நீரையும் சங்கச் செலவில் ஆண்டுதோறும் சோதிக்கலாம்.

அவரவர் கிணறு அவரவர் பாடு என்பாரும் உளர். ஆனால் அடைத்த குழாயால் விளைச்சல் குன்றி, கடன் தவணை தவறும் நாளில் அந்நட்டம் சங்கத்தின் நட்டமாகிறது. ஆகவே நீர்ச்சோதனைக்கு ஒரு சிறு தொகை ஒதுக்கும் தீர்மானத்தை அடுத்த பொதுக்கூட்டத்திலேயே நிறைவேற்றுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.