ஒரு டாலர் கையெழுத்து

1965 அக்டோபரில் நியூயார்க்கில் 22 வயது கறுப்பின இளைஞர் ஒருவர் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துப் போட்டார். மூன்று ஆண்டுகள் அந்தத் தயாரிப்பாளருக்கு மட்டுமே ஒலிப்பதிவு செய்ய வேண்டும். முன்பணம் ஒரு டாலர். ராயல்டி நூற்றுக்கு ஒன்று. கையெழுத்துப் போட்டவர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். தயாரிப்பாளர் எட் சால்பின்.

அந்தக் கையெழுத்தின் நிழல் எவ்வளவு தூரம் நீண்டது என்பதை அறிய, 2019 நவம்பரில் வெளிவந்த 'சாங்ஸ் ஃபார் க்ரூவி சில்ட்ரன்' தொகுப்பைக் கேட்க வேண்டும். 1969 டிசம்பர் 31, 1970 ஜனவரி 1 ஆகிய இரு இரவுகளில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் ஹெண்ட்ரிக்ஸ் நடத்திய நான்கு கச்சேரிகள் அதில் உள்ளன. ஐந்து குறுந்தகடுகள், 43 பாடல்கள்.

கிட்டார்காரர் ஒருவரின் பழைய கச்சேரிக்கு இங்கே என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். 1946-இல் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதிய அண்ணல் அம்பேத்கருக்கு இந்தக் கேள்வி வந்திருக்காது. 1972-இல் பம்பாயில் தங்கள் அமைப்புக்கு 'தலித் பேந்தர்ஸ்' என்று பெயர் வைத்த தோழர்களுக்கும் வந்திருக்காது. உழைத்தவன் ஒருவன், உரிமை இன்னொருவனுக்கு என்ற கணக்கு எங்கே எழுதப்பட்டாலும் அதைப் படிக்க நமக்குத் தெரியும்.

கணக்கைப் பார்ப்போம். ஒப்பந்தம் போட்ட மறு ஆண்டே ஹெண்ட்ரிக்ஸ் லண்டன் போனார். 1967-இல் உலகப் புகழ் வந்தது. புகழ் வந்ததும் சால்பினும் பழைய தாளோடு வந்தார். வழக்கு நடந்தது. கடைசியில் சமரசமாக, ஒரு முழு ஆல்பத்தைக் கொடுக்க ஹெண்ட்ரிக்ஸ் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஃபில்மோர் கச்சேரிகள் பதிவு செய்யப்பட்டது அந்தக் கடனை அடைக்கத்தான்.

1970 மார்ச்சில் 'பேண்ட் ஆஃப் ஜிப்சிஸ்' ஆல்பம் வெளிவந்தது. நான்கு கச்சேரிகளிலிருந்து ஆறே பாடல்கள். அவற்றில் இரண்டு, டிரம்ஸ் வாசித்த பட்டி மைல்ஸ் எழுதியவை. அவையும் வெட்டிச் சுருக்கப்பட்டிருந்தன. அந்த ஆல்பத்தில் ஹெண்ட்ரிக்ஸுக்கே முழுத் திருப்தி இல்லை. அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று, 27 வயதில், அவர் லண்டனில் இறந்துபோனார்.

பிறகு பல ஆண்டுகளுக்கு அந்த இரு இரவுகள் என்றால் உலகத்துக்கு அந்த ஆறு பாடல்கள்தான். 1999-இல் இன்னும் கொஞ்சம் வெளிவந்தது. 2016-இல் முதல் கச்சேரி முழுதாக வந்தது. நான்கு கச்சேரிகளும் ஒன்றாக வர 49 ஆண்டுகள் ஆயின.

இந்த இசைக்குழுவில் மூவரும் கறுப்பர்கள். பேஸ் கிட்டார் வாசித்த பில்லி காக்ஸ், ராணுவத்தில் ஹெண்ட்ரிக்ஸோடு பழகிய நண்பர். அதற்கு முந்தைய குழுவில் ஹெண்ட்ரிக்ஸின் கூட்டாளிகள் இருவரும் வெள்ளையர். அன்று கறுப்பின வானொலிகள் அவரைப் பெரிதாக ஒலிபரப்பவில்லை. 'வெள்ளைக்காரர்களுக்கு வாசிப்பவன்' என்ற பேச்சு இருந்தது. 1969 செப்டம்பரில் ஹார்லெம் தெருவில் இலவசமாக வாசித்தவர் அவர். தன் மக்களிடம் போய்ச் சேர வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு இருந்தது. மேலாளர் மைக்கேல் ஜெஃப்ரிக்குக் கறுப்பர் மட்டுமே கொண்ட குழு பிடிக்கவில்லை என்று பட்டி மைல்ஸ் பின்னாளில் சொன்னார். அந்த ஜனவரி முடிவதற்குள் குழு கலைந்துவிட்டது.

இப்போது முழுத் தொகுப்பையும் கேட்டால் தெரிகிறது, அந்த ஆறு பாடல்கள் எதையெல்லாம் மறைத்தன என்று. முதல் கச்சேரியில் எல்மோர் ஜேம்ஸின் ப்ளூஸ் பாடல் இருக்கிறது. தோட்டத்திலும் வயலிலும் முதுகொடிந்த மக்களின் இசை, புது மின்சாரத்தோடு வருகிறது. 'மெஷின் கன்' பாடல் ஒரே அளவில் திரும்ப வருவதில்லை. ஒவ்வொரு முறையும் வேறு விதமாகக் கிட்டார் கதறுகிறது. புத்தாண்டு நாளில் அந்தப் பாட்டைத் தொடங்கும்முன் ஹெண்ட்ரிக்ஸ் அதை வியட்நாமில் சண்டையிடும் வீரர்களுக்கு மட்டும் காணிக்கை ஆக்கவில்லை. சிகாகோ, மில்வாக்கி, நியூயார்க்கில் சண்டையிடுவோரையும் சேர்த்துக்கொண்டார். அதற்குச் சரியாக நான்கு வாரங்களுக்கு முன்புதான் சிகாகோவில் பிளாக் பேந்தர் தலைவர் ஃப்ரெட் ஹாம்ப்டனை அவர் படுக்கையிலேயே போலீஸ் சுட்டுக் கொன்றது. அவருக்கு வயது 21. சிகாகோ என்ற சொல் அந்த அரங்கில் எப்படி விழுந்திருக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

செத்தவரின் நாடாக்களைக் கிளறிக் காசு பார்க்கிறார்கள் என்று ஒரு விமர்சனம் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. விலை உயர்ந்த பெட்டிகள் ஆண்டுதோறும் வருகின்றன. 1995-இல் நீண்ட வழக்குக்குப் பின் உரிமைகள் ஹெண்ட்ரிக்ஸின் தந்தை அல் கைக்கு வந்தன. தோட்ட வேலை செய்து பிழைத்த தகப்பன் மகனின் இசையை மீட்டது பெரிய வெற்றி. ஆனால் குடும்பத்தின் கைக்கு வந்ததோடு நீதி முடிந்துவிடவில்லை. உயிலில் ஒதுக்கப்பட்ட தம்பி லியோன் நீதிமன்றம் போய்த் தோற்றார்.

இருந்தும் முழுப் பதிவும் வெளிவந்ததே சரி என்கிறோம். கடனுக்காக வெட்டிக் கொடுத்த துண்டை ஒரு கலைஞரின் முழு உருவம் என்று விட்டுவைப்பது இரண்டாவது சுரண்டல். 'அவரே கையெழுத்துப் போட்டாரே' என்பவர்களுக்கு ஒரு பதில்: பசித்தவன் கையில் பேனாவைக் கொடுத்து வாங்குவதற்குச் சம்மதம் என்று பெயர் இல்லை.

ஆகவே நம் கோரிக்கை எளிது. இப்படிப்பட்ட ஒவ்வொரு வெளியீட்டின் முதல் பக்கத்திலும், பாடல் பட்டியலுக்கு முன்பாக, அந்த இசை யார் கையில் எப்படிப் போனது, என்ன விலைக்குப் போனது என்று அச்சிட வேண்டும். கூட வாசித்தவர்களுக்குப் பங்கு என்ன என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். 43 பாடல்களையும் கேளுங்கள் தோழர்களே. கேட்கும்போது அந்த ஒரு டாலரையும் நினைவில் வையுங்கள்.