செலவில்லாத கோழி

காசு செலவின்றியும் கைவருத்தமின்றியும் வருவாய் தருவது யாதென்று வினவினால், நாட்டுக்கோழி என்று விடை கூறுவார் இக்காலத்துப் பலராவர். புறக்கடையில் நான்கு பெட்டையும் ஒரு சேவலும் விட்டாற் போதும். அவை தாமே மேயும், தாமே அடையும், தாமே பெருகும். முட்டையும் இறைச்சியும் நமக்கு மிச்சம் என்பது அவர்தம் கொள்கை. யான் கண்ட வரவு செலவுப் பட்டியல்களிலும் குஞ்சின் விலை, கூட்டின் விலை, தவிட்டின் விலை, தடுப்பு மருந்தின் விலை எல்லாம் நிரல்பட நிற்கின்றன. ஆட்கூலி என்னும் இடத்தில் ஒன்றுமில்லை. அவ்வெற்றிடத்தில் நிற்கவேண்டியவர் ஒருவர் உளர் என்பதே ஈண்டு யான் கூறப்புகுவது.

இதனை ஏட்டறிவு கொண்டு மட்டும் எழுதுகின்றேனல்லேன். பொருநைக் கரையிலுள்ள எங்கள் சிற்றூரில் ஐம்பது ஆண்டாகக் கோழி வளர்த்துவந்த என் ஆச்சிக்கு முழங்கால் நோய் முற்றவே, சென்ற ஆண்டு பங்குனித் திங்கள் முதல் அவர் கோழிகள் என் பொறுப்பாயின. மூன்று பெட்டை, ஒரு வெடைக்கோழி, ஒரு சேவல், இவ்வளவே. ஆச்சி திண்ணையிலிருந்து ஏவுவார், யான் செய்வேன். நாள்தோறும் ஊரிலிருந்து பேருந்திற் கல்லூரிக்கு வந்து மீளும் மாணாக்கனாதலால், காலையும் மாலையும் இப்பணிக்குக் கிடைத்தன.

தொல்காப்பியர் மரபியலில் 'அளகு' என்னும் பெண்பாற் பெயரைக் கோழிக்கும் கூகைக்கும் உரிமையாக்கினார் என்பதை வகுப்பிற் கற்றுள்ளோம். ஆச்சியிடம் இன்னும் நுட்பமான மரபியல் ஒன்று உண்டு. முதன்முட்டைக்கு அணியமாகும் இளம்பெட்டை வெடைக்கோழி, இட்டுக்கொண்டிருப்பது முட்டைக்கோழி, முட்டையிடல் ஒழிந்து உடல் சூடேறிக் கூட்டை விட்டெழ மறுப்பது அடைக்கோழி, குஞ்சுகளோடு திரிவது தாய்க்கோழி. ஒரே பறவைக்குப் பருவந்தோறும் பெயர் வேறு, உணவு வேறு, காவலும் வேறு. இத்தனை பெயரும் கோழியை நாளெல்லாம் நோக்கியிருந்தோர் வாயிற் பிறந்தன என்பதில் ஐயமில்லை.

காலையிற் கூட்டைத் திறத்தல் எளிய தொழில் என்று தோன்றும். திறக்குமுன் ஒவ்வொரு பெட்டையையும் பிடித்துத் தொட்டுப் பார்த்து, அன்று முட்டையிடுவது எது என்று தெளிதல் வேண்டும். அதனை மட்டும் பஞ்சாரத்தின்கீழ்க் கவிழ்த்து வைத்து, இட்டுக் கொக்கரித்த பின்னரே மேயவிடல் வேண்டும். இன்றேல் அயலார் வைக்கோற்படப்பில் இட்டுவந்து, நம் முற்றத்தில் வந்து ஆரவாரிக்கும். ஏனையவை வெளியே சென்றனவாயின், அடுத்த வீட்டார் உலர்த்திய நெல்லும் எதிர் வீட்டார் பாவிய கீரை விதையும் அவற்றின் கால்நகத்திற்குத் தப்பா. இதன்பொருட்டு எழும் வழக்குகளைத் தீர்த்துவைத்தலும் கோழி வளர்ப்போர் கடமையேயாம். பொழுது சாயுங்கால் எண்ணிக்கை. முதிர்ந்த கோழிகள் தாமே வந்தடையும். இளையவை முருங்கையின்மேல் ஏறிக்கொள்ளும். இருள் வந்தபின் கோழிக்குக் கண் புலப்படாது. மரநாய்க்கோ அதன்பின்னரே கண் விளங்கும். ஆதலால் எண்ணிக்கை ஒன்று குறையினும் விளக்கேந்தித் தேடாது உறங்குதல் இயலாது.

கோழியின்மேற் குறை கூறுதல் என் கருத்தன்று. அதன் இயல்பு அத்தகையது. ஆசியக் காடுகளில் வாழும் செந்நிறக் காட்டுக்கோழியே வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை. நம் தென்னாட்டு மலைகளிலுள்ள சாம்பற்காட்டுக்கோழியின் கலப்பும் அதன் மரபில் உண்டென்பதும், கோழியின் மஞ்சள் நிறத்தோல் அவ்வழி வந்ததென்பதும் 2008-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியால் விளங்கின. மரத்தில் அடைதலும் நிலத்தைக் கிளறுதலும் மறைவில் முட்டையிடுதலும் காட்டிலிருந்து அது கொணர்ந்த சீதனம். சோழர் தலைநகராகிய உறையூர், யானையை எதிர்த்து வென்ற கோழியொன்றாற் 'கோழி' எனப் பெயர்பெற்றதென்பர். அவ்வீரம் எங்கள் சேவலுக்கு வாய்க்கவில்லை. கீரியைக் கண்டால் முதலில் மரமேறுவது அதுவே.

வீரம் காணவேண்டின் தாய்க்கோழியிடம் காணல் வேண்டும். வானிற் பருந்தின் நிழலாடினால் அது எழுப்பும் குரல் வேறு. தரையிற் கீரியோ நாயோ வரின் எழுப்பும் குரல் வேறு. முதற் குரல் கேட்டவுடன் குஞ்சுகள் நின்ற இடத்தே ஒடுங்கும், அல்லது சிறகினுள் மறையும்; இறகு சிலிர்த்து, கழுத்தை நீட்டித் தாய் மட்டும் வெளியே நிற்கும். எருசலேமை நோக்கி வருந்திய இயேசுபெருமான் தம் அன்பிற்கு உவமையாகத் தேர்ந்தது சிறகின்கீழ்க் குஞ்சுகளைக் கூட்டும் இக்கோழியையே. மறையுரைகளிற் பலகாற் கேட்ட அவ்வுவமையின் முழுப்பொருளும் வேலிப்புறத்தில் ஒருநாட் காலை எனக்கு விளங்கிற்று. ஒன்றரைச் சேர் எடையுமில்லாத ஒரு பெட்டை வல்லூறொன்றை எதிர்த்துப் பாய்ந்ததைக் கண்டவன் யான்.

எனினும் தாயின் வீரம் கணக்கை முற்றும் காப்பதில்லை. சென்ற ஆவணியில் 13 முட்டை அடைவைத்தோம். பழங்கூடையில் மணல் பரப்பி, ஓர் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் வற்றல் மிளகாயும் ஆச்சி இட்டார். இடியோசையால் முட்டை கெடாதிருத்தற் பொருட்டாம். இடிக்கும் இரும்பிற்கும் உள்ள உறவை யான் வினவவில்லை. ஏழாம் நாளிரவு கைப்பேசியின் விளக்கொளியில் ஒவ்வொரு முட்டையாக வைத்து நோக்கினேம், பதினொன்றனுள் செந்நரம்பு ஓடியிருந்தது, இரண்டு தெளிந்து கிடந்தன, அவற்றை நீக்கினேம். ஆச்சி இரும்பையும் நீக்க இசையவில்லை, என் விளக்கையும் பழிக்கவில்லை. 21-ஆம் நாள் பதினொரு குஞ்சும் வெளிவந்தன. அவற்றிற்கு உணவாகப் பழங்கலயத்திற் கிழிந்த சாக்கும் உலர்ந்த சாணமும் அடைத்து, நீர் தெளித்து, கறையான் புற்றருகே மாலையிற் கவிழ்த்து வைத்தோம். விடியலிற் கலயம் நிறையக் கறையான். குஞ்சுகள் அதனை உண்ணும் விரைவு காணத்தக்கது.

முதல் வாரத்திற் காகம் இரண்டைக் கொண்டது. அடுத்து வந்த நாட்களிற் கீரி மூன்றைக் கொண்டது. ஒன்று எவ்வாறு மறைந்ததென்றே தெரியவில்லை. ஐந்து பிழைத்தன. யான் மனங்கலங்கி நிற்க, ஆச்சி 'நல்ல ஈடு' என்று மகிழ்ந்தார். ஒரு கோழி ஆண்டிற்கு மும்முறை அடைகிடக்கும், முறைக்குப் பத்துக் குஞ்சு, ஆகவே முப்பது என்று தாளிற் பெருக்குவோர் இக்கீரிக்கும் காகத்திற்கும் ஒரு வரி ஒதுக்குதல் நன்று.

பகைகளினும் கொடியது வெள்ளைக்கழிச்சல். 1926-ஆம் ஆண்டை ஒட்டிச் சாவகத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்ட இந்நோய், நம் நாட்டில் இமயச் சாரலிலுள்ள இராணிக்கேட்டின் பெயரால் வழங்குகின்றது. நுண்ணுயிராற் பரவுவது, வந்தபின் மருந்தில்லை, ஓரிரு கிழமையில் ஒரு தெருவின் கோழிகளெல்லாம் மடியும். முதல் வாரத்திற் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்திற் சிறகடியில் ஊசியும் இடுதல் வேண்டும். மருந்துக் குப்பியோ நூறு கோழிக்கேனும் உரியது. பனிக்கட்டியிற் பேணி, கலக்கியபின் இரண்டொரு மணி நேரத்தில் முடித்தல் வேண்டும். ஐந்து கோழி வைத்திருப்பவர் என் செய்வார்? எங்கள் தெருப் பெண்கள் முதல்நாள் மாலையே வீடுவீடாகச் சொல்லிவைத்து, கூடு திறக்குமுன் கோழிகளைப் பிடித்துக் கூடைகளில் அடைத்துக் கால்நடை மருந்தகத்திற்கு ஒருங்கே செல்கின்றனர். ஊரிற் கோழி எஞ்சியிருத்தல் இவர்கள் நடையால். இந்நடைக்கும் எந்தப் பட்டியலிலும் வரியில்லை.

நாமக்கற் பண்ணைகளில் உழைப்போர்க்குக் கூலி உண்டு. அங்குள்ள கோழி ஆண்டிற்கு முந்நூறு முட்டையளவும் இடும், ஆனால் அடைகிடப்பதை மறந்துவிட்டது. எங்கள் கோழி அறுபது எழுபதே இடும். தன் குலத்தைத் தானே காக்கும். இரண்டிற்கும் நாட்டில் இடமுண்டு. (ஓட்டின் நிறங்கண்டு நாட்டுமுட்டையென நம்பிக் கூடுதல் விலை தரும் நகரத்து அன்பர்கள், ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பற்றியதேயன்றி அது மேய்ந்த நிலத்தைப் பற்றியதன்று என அறிக.)

காலையும் மாலையும் சேர்த்து நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்று குறையக் கொண்டாலும், ஆண்டிற்கு 365 மணி நேரம் ஆச்சி இக்கோழிகளுக்கு அளித்துள்ளார். அதற்கு ஈடாக அவர் கொண்டது சிறுவாட்டுக் காசு. முட்டை விற்றதும் சேவல் விற்றதும் அஞ்சறைப் பெட்டியின் அடியில் முடிந்து வைக்கப்படும். அதில் தாத்தாவும் கைவைத்ததில்லை. வீட்டின் பிற வருவாயெல்லாம் கேட்டுப் பெறவேண்டியதாயிருந்த காலத்தில், கேளாமலே செலவிடத்தக்க காசு அஃதொன்றே அவருக்கு இருந்தது. என் தந்தையின் பள்ளிப் புத்தகமும் என் முதலாண்டுத் தேர்வுக் கட்டணமும் அம்முடிச்சிலிருந்து வந்தன.

இன்று நாட்டுக்கோழிக்கு விலை ஏறியுள்ளது. விலை ஏறியவுடன், இதுகாறும் கோழியின் பெயரும் அறியாதோர்க்கு அதன்மேல் அன்பு பிறக்கின்றது. என் சித்தப்பா இருநூறு கோழிக்குக் கொட்டகையிட எண்ணி, "அம்மா, உங்களுக்கு இந்த வயதில் இத்தொல்லை எதற்கு? கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். "கோழியைப் பார்த்துக்கொள்வாயா, கணக்கைப் பார்த்துக்கொள்வாயா?" என்று ஆச்சி வினவினார். அவ்வினாவிற்கு விடை இன்னும் வரவில்லை. இவ்வினா எங்கள் வீட்டிற்கு மட்டும் உரியதன்று. ஊரகப் பெண்களின் பெயரால் அரசு கோழிக்குஞ்சு வழங்குகின்றது; கூட்டைத் திறப்பவரும் அவரே, அடைப்பவரும் அவரே; விற்கும் நாளில் மட்டும் வணிகனோடு விலை பேச வேறொருவர் வருவாராயின் அத்திட்டத்தாற் பெண்ணிற்கு வேலையே மிகும்.

அன்பினாற் செய்வதற்குக் கூலி கணக்கிடலாமோ என்று நண்பர் ஒருவர் என்னை மறுத்தார். கூலி வேண்டுமென்று ஆச்சி கேட்டிலர், யானும் கேட்கவில்லை. பொருள் எவர் உழைப்பால் வந்ததோ அவர் கையில் அது தங்கவேண்டும் என்பதே என் வழக்கு. கொட்டகை எழினும் எழுக; விற்பனைச் சீட்டும் வங்கிப் புத்தகமும் ஆச்சியின் பெயரில் இருக்கட்டும், கூலியாள் வைப்பின் அக்கூலியும் பட்டியலில் ஏறட்டும். இலாபம் அதன்பின் எவ்வளவு நிற்கின்றதெனக் காண்போம்.

கொட்டகைக்கு இன்னும் கால்கோள் ஆகவில்லை. வெடையாயிருந்த கோழி இப்பொழுது இரண்டாம் முறை அடைகிடக்கின்றது. ஒன்பது முட்டையில் எட்டில் நரம்பு ஓடியுள்ளது. பொரிக்கும் சேவல்களின் விலை தம் முழங்கால் மருத்துவத்திற்கு என்று ஆச்சி சித்தப்பாவிடம் முன்னரே அறிவித்துவிட்டார்.