ஒறிஜினல் காட் இல்லாட்டி விளையாட ஏலாதோ?

கொழும்பில் சேகரிப்புக் காட் விளையாடுற ஆக்கள் எத்தனை பேர் என்று கேட்டால், பெரிய தொகை ஒன்றும் இல்லை. வெள்ளவத்தையில் யாரோ ஒருவரின் வீட்டு மொட்டைமாடி, கொட்டாஞ்சேனையில் ரியூசன் முடிந்த பிறகு காலியாகிற மேசைகள், கம்பஸ் கன்டீனில் ஒரு மூலை. இவ்வளவுதான் எங்கட உலகம். இந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயும் இப்போது ஒரு சட்டம் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது: "ஒறிஜினல் காட் மட்டும். பிரொக்சி ஏலாது." அதாவது கடையில் காசு கொடுத்து வாங்கின அட்டை இருந்தால் மேசைக்கு வா, தாளில் அச்சடித்து உறைக்குள் போட்டுக்கொண்டு வந்தால் வீட்டுக்குப் போ.

நான் எழுதுறது இந்தச் சட்டத்துக்கு எதிராக. நடுநிலையாக இரண்டு பக்கமும் பார்க்கப் போவதில்லை. மற்றப் பக்கம் பார்க்கிறதுக்கு கொம்பனிகளே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கின்றன.

விளையாட்டே தெரியாதவர்களுக்கு ஒரு பந்தி. 1993 ஓகஸ்ட்டில் அமெரிக்காவில் 'மெஜிக்: த கதறிங்' வெளிவந்தது. செய்தவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட், கணிதத்தில் கலாநிதிப் பட்டம் எடுத்தவர். அவர் கொண்டுவந்த புதுமை ஒன்றுதான்: எல்லாரும் ஒரே கட்டுக் காட்டில் விளையாடத் தேவையில்லை, ஒவ்வொருவரும் தங்கட கட்டைத் தாங்களே கட்டிக்கொண்டு வரலாம். ஆயிரக்கணக்கான காட்களுக்குள்ளே இருந்து அறுபதைத் தெரிவு செய்கிறீர்கள். அதுதான் டெக். போகிமொனிலும் அறுபது. யூ-கி-ஓவில் நாற்பதில் இருந்து அறுபது வரை, அதோடு பக்கத்தில் பதினைந்து காட் கொண்ட எக்ஸ்ட்ரா டெக். மெஜிக்கிலும் போகிமொனிலும் ஒரே காட்டை நான்கு வரை வைக்கலாம், யூ-கி-ஓவில் மூன்று.

ஆட்டத்தில் பாதி மேசைக்கு வர முதலே முடிந்துவிடும். அது டெக் கட்டுறதில் இருக்கிறது. அறுபதில் ஒரு காட்டை நான்கு தடவை வைத்தால், முதல் ஏழு காட்டுக்குள் அது ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 40 வீதம். யூ-கி-ஓவில் நாற்பதுக்கு மூன்று வைத்து முதல் ஐந்து காட்டை எடுத்தால் ஏறக்குறைய 34 வீதம். இதை வைத்துத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்: அந்தக் காட் வராட்டில் என்ன செய்வேன்? அதே வேலையைச் செய்கிற இன்னொரு காட் வைக்கவா, இல்லாவிட்டால் கட்டுக்குள் இருந்து அதைத் தேடி எடுக்கிற காட் வைக்கவா? மெஜிக்கில் நிலக் காட் இருபத்துநான்கு வைத்தால் முதல் கையில் சராசரியாக 2.8 நிலம் வரும். இருபதாகக் குறைத்தால் டெக் வேகமாகும், ஆனால் சில ஆட்டத்தில் கையில் பெரிய மிருகங்களை வைத்துக்கொண்டு நிலம் இல்லாமல் செத்துப்போவீர்கள். உயர்தரத்தில் நிகழ்தகவு படிக்கேக்க நித்திரை கொண்ட பெடியள் இதற்காகக் கொப்பியில் கணக்குப் போட்டுக்கொண்டு இருக்கிறதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இந்த யோசிப்புத்தான் விளையாட்டு. "ஒறிஜினல் மட்டும்" என்கிற சட்டம் என்ன செய்கிறது? உன்னிடம் இருக்கிற காட்டுக்குள் மட்டும் யோசி என்கிறது. ஒரு டெக்குக்கு முதுகெலும்பாக இருக்கிற காட் வெளிநாட்டில் ஒன்று முப்பது டொலர் விற்றால், நான்கு வேணுமென்றால் 120 டொலர். பிறகு தபால், சுங்கம். அந்தக் கணக்கைப் பார்த்ததும் பெடியன் அந்த யோசனையையே விட்டுவிடுவான். அவன் தோற்றது எதிராளியிடம் இல்லை. நாணயமாற்று வீதத்திடம்.

சரி, ஒருக்கா கஷ்டப்பட்டு வாங்கினால் போதாதா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். போதாது. ஏனென்றால் ஒவ்வொரு வருசமும் புது விதிமுறையோடு புதுக் காட் வரும், பழைய டெக்கின் கழுத்தைப் பிடிக்கும். இதற்கு நான் பார்த்ததில் மிக வெட்கம் கெட்ட உதாரணம் யூ-கி-ஓ. 2008 இல் சிங்க்ரோ, 2011 இல் எக்ஸீஸ், 2014 இல் பெண்டியுலம். ஒவ்வொன்றும் வரேக்க ஆக்கள் வாங்கினார்கள், பிழை இல்லை. 2017 இல் 'லிங்க்' என்று ஒன்று வந்தது. அதோடு விதியையும் மாற்றினார்கள். அதுவரை எக்ஸ்ட்ரா டெக்கில் இருந்து வருகிற மிருகங்களை உங்கட ஐந்து இடத்தில் எதிலும் வைக்கலாம். இனி அதற்கென்று ஒதுக்கின ஒரு இடத்தில்தான் வைக்கலாம், மேலதிகமாக வைக்க வேண்டுமென்றால் லிங்க் மிருகத்தின் அம்புக்குறி காட்டுற இடத்தில் மட்டும். ஒரே இரவில் பழைய டெக் எல்லாம் முடம். நடக்க வேண்டுமென்றால் லிங்க் காட் என்கிற ஊன்றுகோலை வாங்கு. மூன்று வருசம் அப்படி விற்றுவிட்டு, 2020 ஏப்ரலில் பியூஷன், சிங்க்ரோ, எக்ஸீஸ் மூன்றுக்கும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். வாங்கின காசை யாரும் திருப்பித் தரவில்லை.

மெஜிக் மட்டும் திறமா? 2020 இல் 'கொம்பேனியன்' வந்தது. உங்கட டெக் ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட்டால், ஒரு மிருகம் டெக்குக்கு வெளியில் காத்துக்கொண்டு நிற்கும், வேண்டிய நேரம் நேரே இறக்கலாம். எல்லாரும் ஏழு காட்டோடு தொடங்கேக்க உங்களுக்கு எட்டு, அதுவும் எட்டாவது என்னவென்று முதலே தெரியும். விளையாட்டை ஒரு மாதமாவது விளையாடின ஆருக்கும் இது எங்கே போய் முடியும் என்று விளங்கும். வந்த சில கிழமைகளிலேயே, ஜூன் முதலாம் திகதி, விதியை மாற்றினார்கள்: முதலில் மூன்று மானா செலவழித்துக் கைக்கு எடுக்க வேண்டும். அந்த இடைவெளியில் அந்தக் காட்களைத் தேடித் தேடி வாங்கினவர்கள் என்ன செய்வது? அல்பத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இந்த இடத்தில் வீட்டில் இருக்கிற பெரியாக்கள் சிரிப்பார்கள். எங்கட பெரியப்பாமாருக்கு 304 போதும். முப்பத்திரண்டு காட்: ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றும் இல்லை. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் சேர்த்து 304. நாலு காட் கையில் வந்த உடனே கேள்வி கேட்க வேண்டும், துரும்பைக் கவிழ்த்து வைக்க வேண்டும், மிச்ச நாலு காட் அதற்குப் பிறகுதான் வரும். பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் வாக்குக் கொடுக்கிற இந்த ஒரு யுக்தியைப் போல ஒன்றை இன்றைய கொம்பனி வடிவமைப்பாளர்கள் கண்டுபிடித்தால் அதற்கு ஒரு பெயர் வைத்து, மினுங்குற தாளில் அடித்து, பக்கற் பக்கற்றாக விற்பார்கள். ஜாக்கும் ஒன்பதும் மேலே நிற்கிற இந்த ஆட்டக் குடும்பம் டச்சுக்காரரின் யாஸ் ஆட்டத்தில் இருந்து வந்திருக்கலாம் என்று சீட்டாட்ட வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது பிடித்த கதை. ஏனென்றால் நாங்கள் விளையாடுற புதுக்கடைக்கு ஆங்கிலத்தில் இருக்கிற பெயர், 1656 இல் கொழும்பு முற்றுகையில் செத்த டச்சுத் தளபதி ஹுல்ஃப்ட்டின் பெயர். அவர் காட் விளையாடினாரோ தெரியாது.

ஆனால் "அப்ப 304 விளையாடுங்கோவன்" என்று சொல்லி இந்த விவாதத்தை முடிக்க ஏலாது. நான் 304 உம் விளையாடுவேன், மெஜிக்கும் விளையாடுவேன். புது விதிமுறை எனக்குப் பிடிக்கும். கொம்பேனியன் கூட, கெட்ட யோசனையாக இருந்தாலும், சுவையான கெட்ட யோசனை. அதை ஒருக்கா விளையாடிப் பார்த்துத்தான் அது ஏன் கெட்டது என்று சொல்ல முடியும். விளையாடிப் பார்க்கிறதுக்கு நுழைவுச்சீட்டு ஏன் என்பதுதான் என் கேள்வி.

இனி, ஒறிஜினலின் புனிதத்தைப் பற்றிக் கதைக்கிற நண்பர்களுக்கு. 2022 நவம்பரில் மெஜிக்கின் முப்பதாவது ஆண்டு என்று ஒரு பொதி விற்றார்கள். நான்கு பக்கற், ஒவ்வொன்றிலும் பதினைந்து காட், மொத்தம் அறுபது. விலை 999 டொலர். 1993 இன் பழைய காட்களின் மறுபதிப்பு, பின்பக்கம் வேறு. உத்தியோகபூர்வப் போட்டிகளில் அவற்றை விளையாட முடியாது. இதற்கு எங்கட மேசையில் என்ன பெயர்? பிரொக்சி! கொம்பனியே அடித்த பிரொக்சி. அந்த நேரம் எங்கட காசுக்கு மூன்றரை இலட்சத்துக்கு மேலே. அதே வருசம் ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் கட்ட ஏலாது என்று கையை விரித்தது. நாங்கள் பெற்றோலுக்கு கியூஆர் கோட் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றோம். அந்த வருசம் வந்த அந்தப் பொதியைப் பார்த்த பிறகும் "காட் என்றால் கொம்பனி அடித்ததுதான்" என்று சொல்ல ஒருவருக்கு உறுதி வேணும், நான் ஒப்புக்கொள்கிறேன்.

அதைவிடப் பெரிய பகிடி, அதே கொம்பனி 2016 இலேயே சொல்லிவிட்டது: சொந்தப் பாவனைக்கு, விற்பனைக்கு இல்லாமல் ஆக்கள் செய்கிற பரீட்சார்த்தக் காட்களைத் துரத்திப் பிடிக்கிற எண்ணம் தங்களுக்கு இல்லை என்று. உத்தியோகபூர்வப் போட்டி என்றால்தான் அசல் வேணும். எங்கட மொட்டைமாடியில் நடக்கிறது உத்தியோகபூர்வப் போட்டியா? ராஜாவே விட்ட இடத்தில் அரண்மனை வாசல்காரன் ஏன் தடி தூக்குகிறான்?

"பிரொக்சி என்றால் கள்ளக் காட்" என்கிற வாதம் அடிக்கடி வரும். இல்லை. புறக்கோட்டையில் தங்கத் தாள் மாதிரி மினுங்குற போகிமொன் பக்கற் வாங்கியிருப்பீர்கள், சின்ன வயதில் நாங்கள் எல்லாரும்தான். அது கள்ளக் காட்: அசல் என்று நடித்து, சின்னப் பிள்ளையிடம் காசு வாங்குகிறது. பிரொக்சி நடிக்கிறதே இல்லை. கறுப்பு வெள்ளைத் தாளில் "இது இன்ன காட்" என்று எழுதி இருக்கும், அவ்வளவுதான். ஒன்று ஏமாற்று, மற்றது குறிப்பு. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறவர்கள் வித்தியாசம் தெரியாமல் அழைக்கிறார்கள் என்று நான் நம்பவில்லை.

ஓவியர்களின் உழைப்பு என்கிற வாதம்தான் எனக்கு மதிப்பான ஒன்று. அந்தப் படங்களைக் கீறினவர்களின் வேலையை இணையத்தில் இருந்து இறக்கி அச்சடிக்க எனக்கும் விருப்பம் இல்லை. அதனால் எங்கட பிரொக்சியில் படம் இல்லை. பெயர், செலவு, பலம், என்ன செய்யும் என்பது எங்கட சொல்லில். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படத்தைப் பாதுகாக்கும், ஆனால் ஒரு யோசனையையோ ஒரு முறையையோ அது பாதுகாப்பதில்லை. நீதிமன்றங்களுக்கு நடுவில் விளையாடுற எங்களுக்கு இந்த அளவு சட்டமாவது தெரியத்தான் வேணும்.

கடைகள் படுத்துவிடும் என்கிறார்கள். வாங்க வசதி இருக்கிறவர் வாங்கட்டும், நான் தடுக்கவில்லை. சேர்க்கிறது ஒரு தனி இன்பம், முத்திரை சேர்க்கிற மாதிரி. ஆனால் அஞ்சல் முத்திரை சேர்க்கிறவர் மற்றவனைக் கடிதம் எழுதக்கூடாது என்று சொல்கிறதில்லை. அதோடு மேசையில் ஆறு பேர் இருந்தால்தான் ஏழாவது ஆளுக்குக் காட் வாங்கவே ஆசை வரும். அந்த ஆறு பேரை வாசலில் நிற்க வைத்துவிட்டு எந்தக் கடையை வாழ வைக்கப் போகிறீர்கள்?

வேலையே சின்ன வேலை. மெஜிக் காட் 63 மில்லிமீற்றர் அகலம், 88 உயரம். ஏ4 தாளில் ஒன்பது கொள்ளும், அறுபதுக்கு ஏழு தாள். புதுக்கடையில் வழக்குக் கட்டுகளைப் போட்டோகொப்பி எடுக்கிற கடைகளில் பின்னேரம் சனம் குறைந்த பிறகு போனால் ஏழு தாளுக்கும் சேர்த்து ஒரு கொத்துரொட்டிக் காசு வராது. வெட்டி, ஒரு சாதாரண சீட்டுக்கு முன்னால் வைத்து உறைக்குள் போட்டால் குலுக்கேக்க வித்தியாசம் தெரியாது. இன்னும் சுத்தமான வழி வேண்டுமென்றால் 'நெற்றன்னர்' விளையாடுங்கள். அதுவும் கார்ஃபீல்ட் தொடக்கி வைத்த விளையாட்டுத்தான். கொம்பனி 2018 இல் கைவிட்ட பிறகு விளையாடுகிறவர்களே கையில் எடுத்தார்கள். இன்று 'நல் சிக்னல் கேம்ஸ்' என்கிற குழு புதுக் காட்களை வடிவமைத்து விற்கிறது, வாங்க ஏலாதவன் அச்சடிக்க அதே காட்களைக் கோப்பாக இலவசமாகவும் போடுகிறது. அவர்கள் படுத்துவிடவில்லை.

சொந்தமாக எழுதத் தொடங்கின பிறகு நாங்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. காட் எல்லாம் தமிழுக்கு வந்துவிட்டது. ஆங்கிலம் வாசிக்கக் கூச்சப்பட்டு இதுவரை பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த இரண்டு தம்பிமார் இப்போது என்னை அடிக்கிறார்கள். மொழிபெயர்ப்பில் சண்டையும் வந்தது. காட்டை ஆட்டத்தில் இருந்து முற்றாக விலக்குறதை 'நாடுகடத்தல்' என்று போட்டோம், ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை. செத்த மிருகங்கள் போகிற இடத்துக்குத்தான் பிரச்சினை. நான் 'சுடலை' என்றேன். கொட்டாஞ்சேனைக்காரன் ஒருவன் மறுத்தான்: "அண்ணை, சுடலை எண்டா எரிச்சுப்போடுவாங்கள், பிறகு என்னெண்டு எழுப்புறது? சவக்காலை எண்டு போடுங்கோ, அதில இருந்து எழும்பி வரலாம்." வாக்கெடுப்பில் ஐந்துக்கு நான்கு, சவக்காலை வென்றது. என்ர டெக்கில் மட்டும் இன்னும் சுடலை என்றுதான் கிடக்கிறது.